கணிப்பொறியில் ஓர் ஆற்றுப்படை

தாம் நடந்து கண்ட வழியை, அதனைக் காணாத மற்றொருவர்க்குச் சொல்லாற் காட்டுதல் மக்கள் பயின்ற பழங்கலைகளுள் ஒன்றாகும். அக்கலைக்கெனத் தனித்ததோர் இலக்கியவகையையே வகுத்துக்கொண்ட பெருமை தமிழுக்கு உண்டு. வள்ளல்பாற் பரிசில் பெற்று மீளும் கூத்தரும் பாணரும் பொருநரும், வறுமையால் வாடி எதிர்ப்படும் தம்மினத்தாரை நோக்கி, இவ்வழியே செல்லுங்கள், இன்னின்னவற்றைக் காண்பீர்கள், இன்ன இடத்தில் விழிப்பாயிருங்கள் என்று நெறிப்படுத்துதலே ஆற்றுப்படை. பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் இவ்வகையின. இவற்றிற் பேசப்படுவோன் 'அவன்' அல்லன், 'நீ' ஆவான். வழி அவனுடையது, நடையும் அவனுடையது.

இங்ஙனம் முன்னிலையிலே ஒருவனை நிறுத்தி, எழுத்தை மட்டுமே துணையாகக்கொண்டு அவனைப் புதியதோர் இடத்தில் நடக்கச் செய்யும் மற்றொரு கலை, தமிழோடு யாதொரு தொடர்புமின்றி, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகட்குமுன் அமெரிக்க நாட்டிலே தோன்றிற்று. அது புலவர் அவையிற் பிறக்கவில்லை. கணிப்பொறிக் கூடத்தில் விளையாட்டாகப் பிறந்தது. எழுத்துவழி வீரச்செலவு விளையாட்டு என்று அதனைக் கூறலாம். அதன் தொடக்ககால வரலாற்றை விளக்கி, தமிழ் பயில்வார்க்கு அதனால் விளையும் கடமை யாதெனக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளையாட்டின் இயல்பு

இக்காலத்துச் சிறுவர் அறிந்த கணிப்பொறி விளையாட்டுகளில் படமும் ஒலியும் நிறைந்திருக்கும். ஈண்டுக் கூறப்படும் விளையாட்டில் அவை யாதும் இல்லை. நீர் ஒரு சாலையின் முடிவில் நிற்கின்றீர், எதிரே ஒரு சிறு கட்டடம் உள்ளது என்பதுபோலப் பொறி சில சொற்களை எழுதிக்காட்டும். ஆடுவோர் தாம் செய்யக் கருதியதனைச் சொல்லாகவே எழுதி விடையளித்தல் வேண்டும். 'உள்ளே செல்' என்றெழுதினால், பொறி கட்டடத்தின் உட்புறத்தை விரித்துரைக்கும். 'விளக்கை எடு' என்றால், எடுத்துக்கொண்டதாகக் கூறும். இவ்வாறு ஏவலும் விடையுமாகக் கதை வளர்ந்து செல்லும். ஆடுவோர் அறிவுடன் ஏவினால் வழி திறக்கும். அறியாது ஏவினால் இருளிலும் படுகுழியிலும் முடியும்.

இதற்கு முன்னோடிகளாக இரண்டினைக் குறிப்பிடலாம். மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம் 1966இல் வெளியிட்ட 'எலைசா' என்னும் நிரல், மனநோய் மருத்துவரைப்போல மனிதரோடு உரையாடியது. ஆயினும் அது கேட்டவர் சொல்லையே திருப்பி வினாவாக்கிற்றேயன்றி, எதனையும் பொருளறிந்து பேசவில்லை. 1973இல் கிரகரி யோப் என்பார் இயற்றிய 'வம்பஸ் வேட்டை' என்னும் விளையாட்டு, இருபது அறைகளையுடைய ஒரு குகையை அமைத்தது. ஒவ்வோர் அறையிலிருந்தும் மூன்று அறைகட்கு வழியுண்டு. அவற்றுள் ஒன்றில் கொடுவிலங்கு ஒன்று பதுங்கியிருக்கும். முன்னதில் மொழியிருந்தது, இடம் இல்லை. பின்னதில் இடமிருந்தது, மொழி மிகச் சிறிது. இரண்டையும் ஒன்றாக்கியவர் வில்லியம் கிரௌதர்.

குகையும் தந்தையும்

கிரௌதர், மசாசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் பி.பி.என். என்னும் நிறுவனத்தில் நிரலெழுதுவோராயிருந்தார். இன்றைய இணையத்திற்கு முன்னோடியாகிய 'அர்ப்பாநெட்' என்னும் வலையை அமைத்தவர்களுள் அவரும் ஒருவர். மலையேறுதலும் குகை புகுதலும் அவர்க்கு விருப்பமான பொழுதுபோக்குகள். அவரும் அவர் மனைவியார் பாத்ரிசியாவும் கென்டக்கி மாநிலத்துக் குகைகளை அளந்து, அவ்வளவைக் குறிப்புகளைக் கணிப்பொறியிற் பதிந்து படம் வரைந்தனர். பிளின்ட் ரிட்ஜ் குகைத்தொகுதியும் மாமத் குகையும் ஒன்றோடொன்று இணைந்தவையே என்பதனை 1972ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களிற் கண்டறிந்த குழுவில் பாத்ரிசியா இடம்பெற்றிருந்தார். உலகில் அறியப்பட்ட குகைகளுள் மிக நீண்டது அதுவே.

பின்னர்க் கணவனும் மனைவியும் மணவிலக்குப் பெற்றுப் பிரிந்தனர். தம் பெண்மக்கள் இருவரையும் பிரிந்து வாழ்ந்த தந்தை, அவர்கள் தம்மைக் காண வரும்பொழுது மகிழ்ந்து ஆடுதற்கென ஒரு விளையாட்டை 1975, 1976ஆம் ஆண்டுகளிற் புனைந்தார். கணிப்பொறியை அறியாதாரும் அஞ்சாது ஆடவேண்டும் என்பது அவர் கருத்து. ஆதலின் பொறிக்குரிய குறியீடுகளை விடுத்து, அன்றாட மொழிச் சொற்களையே அதற்கு விடையாக வைத்தார். அவ்விளையாட்டின் களம், தாமே தவழ்ந்தும் நடந்தும் அளந்த அந்தக் குகையின் ஒரு பகுதியாகும். இழந்த இல்லறத்தோடு தொடர்புடைய அக்குகையைச் சொல்லால் மீண்டும் கட்டி, தம் மக்கள் கையில் ஒரு விளக்கையும் கொடுத்து, அதனுள் நடக்கவிட்டார் அவர். இக்கலையின் பிறப்பிலே அன்பு நின்றது என்பதனை வரலாறு எழுதுவோர் மறத்தலாகாது.

பொறி எங்ஙனம் அறிகின்றது?

உயிரற்ற பொறி ஏவலை எவ்வாறு உணர்கின்றது என வினவுவார்க்கு விடை எளிது. குகையின் ஒவ்வோரிடத்திற்கும் ஓர் எண் இடப்பட்டிருக்கும். 1ஆம் இடத்திலிருந்து மேற்கே சென்றால் 2ஆம் இடம், உள்ளே சென்றால் 3ஆம் இடம் என்றவாறு ஓர் அட்டவணை இருக்கும். ஒவ்வொரு பொருளும் எவ்வெண்ணுள்ள இடத்தில் உள்ளது என்பதற்கு மற்றோர் அட்டவணை உண்டு. ஆடுவோர் விளக்கை எடுத்தால், விளக்கின் நேரேயுள்ள இடத்தின் எண் மாறி, 'ஆடுவோர் கையில்' என்றாகும். அவ்வளவே. விளக்கு என்பது ஒளிதரும் என்றோ, இருள் அஞ்சத்தக்கது என்றோ பொறி அறியாது. அச்சமும் வியப்பும் படிப்போர் உள்ளத்திலே தோன்றுவன.

இந்த எளிய அமைப்பைக்கொண்டே நுட்பமான புதிர்களை அமைத்தனர். ஒரு சான்று காட்டுவோம். குகையுள் ஓரிடத்தில் சிறு பறவையொன்று உள்ளது. கையில் கரிய கோல் ஒன்றை வைத்திருக்கும்வரை அப்பறவை அஞ்சி ஓடும். கோலைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டுடன் அணுகினால் அகப்படும். அப்பால் ஒரு மண்டபத்தில் பெரும் பாம்பொன்று வழிமறித்துக் கிடக்கும். வாளும் கோடரியும் தேடுதல் வீண். கூட்டைத் திறந்து அச்சிறு பறவையை விட்டால், அதுவே பாம்பைத் துரத்திவிடும். வலியதனை எளியது வெல்லும் என்னும் இம்முடிபு, நம் பாட்டியர் கூறும் விடுகதைகளை நினைப்பூட்டுகின்றதன்றோ?

புல்முடியும் வளைவழியும்

இவ்விளையாட்டிற் புகழ்பெற்ற ஓரிடம் உண்டு. ஒன்றைப்போலவே மற்றொன்றும் அமைந்த வளைவழிகளின் தொகுதி அது. எவ்வறையிற் புகினும் பொறி ஒரே தொடரையே எழுதிக்காட்டும். எங்கு நின்றோம், எங்கிருந்து வந்தோம் என்பது புலப்படாது. இதனைக் கடக்கும் வழி யாதெனின், கையிலுள்ள பொருள்களை அறைக்கு ஒன்றாகக் கீழே வைத்துச் செல்லுதலே. மீண்டும் அவ்வறைக்கு வரின், கிடக்கும் பொருள் அடையாளம் காட்டும்.

நன்னனைக் காணச் செல்லும் கூத்தரைப் பெருங்கௌசிகனார் ஆற்றுப்படுத்திய மலைபடுகடாத்தைக் கற்றார்க்கு இவ்விடத்தில் ஒரு நினைவு எழாமற் போகாது. 583 அடிகளையுடைய அப்பாட்டில், மலைவழியின் இடர்கள் ஒவ்வொன்றாகக் கூறப்படுகின்றன. பன்றிகளைப் பிடிக்க வைத்த பொறிகள் உள்ளன, விடிந்தபின் செல்லுங்கள். பாம்பு உறையும் அளைகள் உள்ளன, நோக்கி நடவுங்கள். தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கற்கள் பாய்ந்துவரும், காத்துக்கொள்ளுங்கள். பாசி படர்ந்து வழுக்கும் இடங்கள் உள்ளன, பற்றுக்கோடு கொண்டு செல்லுங்கள் என்கின்றார் புலவர். அவற்றினும் வியக்கத்தக்க அறிவுரை ஒன்றுண்டு. வழிகள் பிரியுமிடத்தில், பின்வரும் புதியோர் நெறி தவறாதவாறு புல்லை முடிந்து அடையாளம் செய்துவைக்குமாறு அவர் பணிக்கின்றார்.

கென்டக்கிக் குகையில் அறைதோறும் பொருளை வைத்துச் சென்றாரும், நன்னன் மலையிற் புல்லை முடிந்து சென்றாரும் ஒரே இடரை ஒரே முறையால் வென்றனர். எனினும் வேற்றுமை ஒன்றும் உண்டு. விளையாட்டில் ஆடுவோர் தமக்கென அடையாளம் இடுகின்றார். மலைபடுகடாத்துக் கூத்தரோ பிறர்க்கென இடுகின்றனர். அறத்தால் நம் புலவர் வழி உயர்ந்தது. ஆயினும், கேட்போன் மறுமொழி கூறவும், அவன் கூறியதற்கேற்ப வழி மாறவும் இடந்தந்தமையால், பின்னது கலையிற் புதியதோர் உறுப்பைச் சேர்த்தது. நம் நெல்லைச் சீமைக் கவிஞர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையவர்கள் 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்தில், ஆத்தும யாத்திரிகன் செல்லும் வழியை நாம் உடனிருந்து காண்கின்றோம். ஆற்றுப்படையில் வழி நம்மை நோக்கிச் சொல்லப்படுகின்றது. இவ்விளையாட்டிலோ நாமே வழியைத் தேர்ந்து நடந்து, தவறின் பயனையும் நாமே நுகர்கின்றோம். இம்மூன்றும் ஒரு மரத்தின் மூன்று கிளைகள்.

பரவிய வரலாறு

கிரௌதரின் விளையாட்டு, கணிப்பொறிகளை இணைத்த வலையின் வழியே பல கல்விக்கூடங்கட்குப் பரவிற்று. ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழக மாணவர் டான் உட்ஸ் அதனைக் கண்டார், விரிவாக்க விழைந்தார். ஆக்கியோர் எங்குள்ளார் என்பது தெரியாமையால், வலையிலிருந்த ஒவ்வொரு கணிப்பொறிக்கும் கிரௌதர் பெயரிட்டு மடல் விடுத்தார். விடை வந்தது, இசைவும் கிட்டிற்று. 1977இல் உட்ஸ் புதிய இடங்களையும் செல்வங்களையும் புதிர்களையும் சேர்த்து வெளியிட்ட பதிப்பே உலகெங்கும் பரவியது. அதற்குக் கோப்பின் பெயர் 'அட்வென்ட்' என்பது. வீரச்செலவு எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதல் ஆறெழுத்து அது. அக்கணிப்பொறியில் கோப்பின் பெயர் ஆறெழுத்தைக் கடத்தல் கூடாது என்பது விதி. திருவருகைக் காலத்தின் பெயரும் அதுவேயாதலின், நம்மனோர்க்கு அப்பெயர் சிறிது மயக்கம் தரினும் தரலாம்.

அவ்வாண்டே மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டிம் ஆண்டர்சன், மார்க் பிளாங்க், புரூஸ் டேனியல்ஸ், டேவ் லெப்ளிங் என்னும் நால்வர் 'சார்க்' என்னும் விளையாட்டைத் தொடங்கினர். முன்னையது வினையும் பெயருமாய் இரு சொற்களையே அறியும். சார்க்கோ இன்ன பொருளை இன்ன பெட்டியுள் வை என்பதுபோன்ற முழுத்தொடரையும் அறியும். 1978இல் ஸ்காட் ஆடம்ஸ் என்பார் இல்லங்களில் வைத்து ஆளும் சிறு கணிப்பொறிக்கென ஒரு விளையாட்டை எழுதி விற்கலானார். அவ்வாண்டே இங்கிலாந்தில் எசெக்ஸ் பல்கலைக்கழகத்து ராய் டிரப்ஷா, பலர் ஒரே காலத்தில் ஓர் உலகினுட் புகுந்து ஆடும் விளையாட்டைத் தொடங்கினார். ரிச்சர்டு பார்ட்டில் அதனை வளர்த்தார்.

1979இல் சார்க் ஆக்கியோரும் அவர்தம் நண்பரும் 'இன்போகாம்' என்னும் நிறுவனத்தை நிறுவினர். அக்காலத்துச் சிறு கணிப்பொறிகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு அமைப்பின. ஒன்றற்கெழுதிய நிரல் மற்றொன்றில் இயங்காது. இதற்கு அவர்கள் கண்ட வழி நுட்பமானது. மெய்யாக யாண்டும் இல்லாத ஒரு பொறியைக் கருத்தில் அமைத்து, கதைகளையெல்லாம் அப்பொறிக்கே எழுதினர். பின்னர் ஒவ்வொரு கணிப்பொறிக்கும் அக்கருத்துப் பொறியைப்போல நடிக்கும் சிறு நிரலொன்றைமட்டும் எழுதிவைத்தனர். ஒரு நூலைப் பத்து மொழியிற் பெயர்ப்பதற்கு மாறாக, ஒரு பொதுமொழியில் எழுதி, ஊர்தோறும் ஒரு துபாசியை நிறுத்தியது போன்றது இது. அன்றெழுதிய கதைகள் இன்று நம் கைப்பேசியிலும் இயங்குதற்குக் காரணம் இத்திறமே.

எனினும் வாணிகத்தில் படம் சொல்லை வென்றது. 1980இல் ராபர்ட்டா வில்லியம்ஸ், கென் வில்லியம்ஸ் என்னும் இணையர் கோட்டோவியங்களுடன் ஒரு விளையாட்டை வெளியிட்டனர். கணிப்பொறியின் படந்தீட்டும் ஆற்றல் பெருகப் பெருக, வாங்குவோர் படத்தையே நாடினர். 1986இல் இன்போகாம் மற்றொரு நிறுவனத்தின் வசமாகி, 1989இல் மூடப்பட்டது. ஆயினும் கலை மறையவில்லை. 1993இல் கிரகாம் நெல்சன் என்னும் ஆங்கிலேயர், இத்தகைய கதைகளை எவரும் இயற்றுதற்குரிய 'இன்பார்ம்' என்னும் கருவியை ஆக்கிப் பொதுவில் வழங்கினார். பொருள் கருதாது எழுதுவோர் அதுமுதல் இக்கலையைப் பேணி வருகின்றனர்.

கிரௌதரின் முதல் நிரல் இழந்துபோயிற்று என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. உட்ஸின் பழைய மாணவக் கணக்கின் காப்புப்படியில் அது கிடந்தது. டென்னிஸ் ஜெர்ஸ் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் அதனை ஆராய்ந்து 2007இல் வெளிப்படுத்தினார். ஏட்டுச்சுவடி தேடி ஊர்தோறும் அலைந்து, 1889இல் பத்துப்பாட்டை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் அவர்களின் உழைப்பை இது நினைப்பூட்டுகின்றது. ஏறக்குறைய முப்பது ஆண்டுப் பழமையே உடைய நிரலும் தேடிக் காணவேண்டியதாயிற்று என்பதனால், கணிப்பொறி எழுத்து ஓலையினும் நிலைத்தது என்று எண்ணுதல் பேதைமை என்பது பெறப்படும்.

தமிழும் ஏவலும்

இவ்விளையாட்டுகள் ஆங்கிலத்திற் பிறந்தமையால், அம்மொழியின் இயல்பையே சார்ந்தன. ஆங்கிலத்தில் வினை முன்னும் பெயர் பின்னும் நிற்றலால், சொல் நிற்கும் இடமே அதன் தொழிலைக் காட்டும். சொல்லின் முதல் ஐந்தெழுத்தை ஒப்புநோக்கினாற் போதும் என்று பழைய விளையாட்டிற் கொண்டனர். தமிழில் இம்முறை செல்லாது. வேற்றுமையுருபு பெயரின் ஈற்றிற் கலந்து நிற்றலின், 'விளக்கு', 'விளக்கை', 'விளக்கால்' என்பவற்றை ஒரு பொருளெனக் காட்ட, முதல் மூன்றெழுத்தை நோக்குமாறு பொறியைப் பணிப்போமாயின், விளக்குமாறும் விளக்காகிவிடும். இருளில் தவிப்பான் கையிற் பொறி துடைப்பத்தைக் கொடுக்கும்!

ஆகவே பொறிக்குத் தமிழ் கற்பிப்போன் புணரியலைக் கற்பித்தல் வேண்டும். கல் என்பது 'கல்லை' என இரட்டியும், மரம் என்பது 'மரத்தை' எனச் சாரியை பெற்றும், கூடு என்பது 'கூட்டை' எனத் திரிந்தும், பூ என்பது 'பூவை' என உடம்படுமெய் பெற்றும் வரும் விதிகளை நன்னூல் வகுத்துள்ளது. அவ்விதிகளைத் தலைகீழாகச் செலுத்திப் பெயரையும் உருபையும் பிரித்தலே பொறி செய்யவேண்டிய தொழில். 'தண்ணீர் குடி' என உருபு தொக்கு வருதலையும் அது அறிதல் வேண்டும். உழைப்பு மிகுதியே, பயனும் மிகுதி. 'பறவையைக் கூட்டில் இடு' எனினும், 'கூட்டிற் பறவையை இடு' எனினும், உருபுகளே பொருளைத் தெளிவிக்கும். சொல் நின்ற இடம் தடையாகாது.

மற்றொரு நயமும் உண்டு. பவணந்தி முனிவர் ஏவல்வினைப் பகாப்பதங்களை 23 ஈறுகளாக வகுத்தபொழுது, எடுத்துக்காட்டில் முதலில் நிறுத்திய சொற்கள் நட, வா என்பன. இவ்விளையாட்டில் ஆடுவோர் முதலிற் கூறுவனவும் அத்தகைய சொற்களே. முன்னிலை வினை இருதிணைக்கும் பொதுவாதலின், ஆடுவோர் ஆணோ பெண்ணோ என்று பொறி வினவவேண்டுவதும் இல்லை.

இனி, களத்திற்கு எங்குச் செல்வது? கிரௌதர் தாம் அறிந்த குகையையே எடுத்தார். நாமும் நாம் அறிந்த நிலத்தை எடுத்தல் தகும். கடையநல்லூரை அடுத்த திருமலைபுரத்தில் முற்காலப் பாண்டியர் குடைவித்த கற்கோயில் உள்ளது. பழைய ஓவியங்களின் எச்சங்களும் அங்கு உள்ளன. கென்டக்கிக் குகைபோல் நீண்டதன்று. ஆயினும் கற்பனைக்கு ஒரு வாயில் போதும். அத்தகைய தமிழ் விளையாட்டொன்று தொடங்கும் முறையைச் சிறிது காட்டுவோம்.

பொறி: நீர் ஒரு குன்றின் அடியில், குடைவரை வாயிலின்முன் நிற்கின்றீர். மேற்கே மலைத்தொடர் முகிலுள் மறைந்துள்ளது. படியின்மேல் ஓர் அரிக்கேன் விளக்குக் கிடக்கின்றது.
ஆடுவோர்: உள்ளே செல்.
பொறி: இருள். நும் கையும் நுமக்குத் தோன்றவில்லை. வௌவாலின் சிறகொலி கேட்கின்றது.
ஆடுவோர்: வெளியே வா. விளக்கை எடு.
பொறி: எடுத்துக்கொண்டீர். எண்ணெய் சிறிதே உள்ளது.

இங்ஙனம் எழுதுதற்கு வேண்டும் கருவிகள் இன்று நம் கைக்கு எட்டாதன அல்ல. 1991 முதல் ஒருங்குறியில் தமிழெழுத்துக்கு இடமுண்டு. முத்தையா அண்ணாமலை என்பார் 2007இல் தொடங்கிய 'எழில்' என்னும் நிரல்மொழி, கட்டளைகளையும் தமிழிலேயே எழுத இடந்தருகின்றது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில், மலையடிவாரத்துச் சிற்றூரிலேயே, நிரலெழுதும் தொழில் நடைபெறுகின்றது. குறையாயுள்ளது கருவியன்று, இலக்கணம் அறிந்தாரும் நிரல் அறிந்தாரும் ஓரிடத்தில் அமர்ந்து உழைக்கும் கூட்டுறவே.

நம் கல்லூரியில் தமிழ் வகுப்பும் கணிப்பொறி வகுப்பும் ஒரே கூரையின்கீழ் உள்ளன. தமிழ் பயில்வோர் நன்னூலைத் தேர்வுக்குரிய நூலென்றுமட்டும் எண்ணுதலும், கணிப்பொறி பயில்வோர் தமிழைத் தம் தொழிற்குப் புறம்பென எண்ணுதலும் ஒழிதல் வேண்டும். ஓர் ஆண்டு முயன்றால், பத்து அறைகளும் ஐம்பது சொற்களும் கொண்ட ஒரு சிறு விளையாட்டை இவ்விரு வகுப்பினரும் சேர்ந்து ஆக்கிவிடலாம். அது குறைவுடையதாயினும், தமிழில் ஏவத் தமிழில் விடையிறுக்கும் பொறியாயிருக்கும். பின்வருவோர் அதனினும் நெடுந்தொலைவு செல்வர். வழி பிரியுமிடத்தில் அவர்க்கென ஒரு புல்லை முடிந்துவைத்தல் நம் கடன்.